கேளா ஒலி காட்டும் சுவாசம்

குளியலறையில் கால் வழுக்கி விழுந்த முதியவருக்குத் தோள் எலும்பு முறிகிறது. ரண சிகிச்சை செய்தாக வேண்டும் என்கிறார் வைத்தியர். முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று வீட்டார் கலங்கி நிற்கும்போது, “வேண்டாம், கழுத்தில் ஓர் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்துவிடலாம்” என்கிறார் மயக்க மருந்து வைத்தியர். கேட்டவுடனே எல்லோருக்கும் நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது. மயக்கம் என்றால் பெரிய காரியம், ஊசி என்றால் சின்னக் காரியம் என்பது நம்மவரின் பொதுவான எண்ணம்.

அந்த எண்ணம் பெரும்பாலும் சரியானதே. எனினும் கழுத்தில் இடும் ஊசி மூச்சைச் சற்றே தொட்டுப் பார்க்கிறது. முதுகில் இடும் ஊசி இரத்த ஓட்டத்தைத் தொட்டுப் பார்க்கிறது. உடல் வலிவுள்ளவர் இதனை உணர்வதேயில்லை. ஏற்கெனவே மூச்சிளைப்பினால் வருந்துபவருக்கோ, இருதயம் தளர்ந்தவருக்கோ இத்தொடுதல் ஆபத்தாகவும் முடியக்கூடும். எவருக்கு எது தகும் என்று முன்கூட்டியே அறிவதற்கு இன்று வைத்தியர்களுக்குக் கிடைத்துள்ள கருவி, நம் பெண்மக்கள் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் கண்டு பழகிய ‘ஸ்கேன்’ கருவிதான். அது நரம்புத் தடையைப் பற்றி நமக்குக் கற்பித்திருப்பவை யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நரம்பு உறங்கிய வரலாறு

1884-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து இளம் வைத்தியர் கார்ல் கோலர் என்பவர், கொக்கெயின் கரைசலைக் கண்ணில் சொட்டாக விட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டறிந்தார். நோயாளி விழித்திருக்கும்போதே கண்ணில் ரண சிகிச்சை செய்யலாம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற ரண வைத்தியர் அதே மருந்தை நரம்பின் அடிமரத்தருகே செலுத்தி, அந்நரம்பு சென்று சேரும் பகுதி முழுவதையும் மரத்துப்போகச் செய்தார். நரம்புத் தடை என்னும் முறை பிறந்தது இவ்விதமே. தம்மீதே சோதனைகள் செய்துபார்த்த ஹால்ஸ்டெட், அம்மருந்துக்கு அடிமையாகிப் பெரிதும் அல்லலுற்றார் என்பதும் வரலாறு.

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்பவர், முதுகுத்தண்டின் நீர்ப்பகுதியில் கொக்கெயினைச் செலுத்திக் காலில் வலியின்றி ரண சிகிச்சை செய்தார். பின்னர் அவரும் அவருடைய உதவியாளர் ஹில்டெபிராண்டும் ஒருவர்மீது ஒருவர் அதனைச் சோதித்துப் பார்த்தனர். சோதனையின் விளைவாகக் கடுந்தலைவலி வந்து இருவரும் துன்புற்றனர். 1911-இல் குலென்காம்ப் என்ற ஜெர்மானியர், காறை எலும்புக்கு மேலே ஊசியிட்டுக் கை முழுவதையும் மரத்துப்போகச் செய்யும் வழியை வகுத்தார். 1970-இல் அமெரிக்க வைத்தியர் ஆலன் வின்னி, கழுத்தின் பக்கத்தசைகள் இரண்டுக்கு இடையே ஊசியைச் செலுத்தித் தோளை மரத்துப்போகச் செய்யும் முறையை விளக்கினார். தோள் ரண சிகிச்சைக்கு இன்றளவும் பெரிதும் கையாளப்படுவது இம்முறையே.

மருந்துகளும் மாறின. இப்போது இதற்குக் கொக்கெயின் பயன்படுவதில்லை. 1943-இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகெயினும், அதற்குப்பின் வந்த நீண்ட நேரம் நிலைக்கும் மருந்துகளும் அவ்விடத்தைப் பிடித்தன. நரம்பின் சுவரிலே சோடியம் அணுக்கள் புகுவதற்கென நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை திறந்து மூடுவதனாலேயே நரம்பில் செய்தி ஓடுகிறது. மருந்து அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது, செய்தி நின்றுவிடுகிறது. மருந்து கரைந்து நீங்கியதும் வாயில்கள் மீண்டும் திறக்கின்றன.

இங்கே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வலியை மூளைக்குத் தெரிவிக்கும் இழைகளோடு, தசையை அசைக்கும் இழைகளும், இரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் இழைகளும் ஒரே கட்டாக நரம்பில் செல்கின்றன. மருந்துக்கு இவற்றுள் வேற்றுமை பாராட்டத் தெரியாது. வலியை நிறுத்தப் போன மருந்து, அசைவையும் குழாயின் இறுக்கத்தையும் சேர்த்தே நிறுத்துகிறது. மூச்சிலும் இரத்த ஓட்டத்திலும் நேரும் மாறுதல்களுக்கெல்லாம் மூலகாரணம் இதுவே.

காதுக்கு எட்டாத ஒலி

மனிதச் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகிறது என்று 1880-இல் பிரெஞ்சு நாட்டு ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அப்படிகங்களில் மின்சாரத்தைச் செலுத்தினால் அவை அதிர்ந்து கேளா ஒலியை எழுப்பும். கடலடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க முதல் உலகப் போரின் காலத்தில் இதனைப் பயன்படுத்த முயன்றனர். 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற வைத்தியரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகரும், உலோகங்களில் உள்ள விரிசல்களைச் சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கிவந்து, துடிக்கும் இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். 1958-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் வயிற்றினுள் இருப்பவற்றைக் கேளா ஒலியால் படமாக்கி வெளியிட்டனர்.

உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. கருவி எழுப்பும் ஒலி உள்ளே சென்று, ஒவ்வோர் உறுப்பின் விளிம்பிலும் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கணக்கிட்டு, அவ்விளிம்பு எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கருவி சித்திரம் தீட்டுகிறது. அதிர்வு மிகுந்த ஒலி நுட்பமான படத்தைத் தரும். ஆயினும் ஆழம் செல்லாது. அதிர்வு குறைந்த ஒலி ஆழம் செல்லும். படம் சற்றே மங்கும். ஆகவே தோலுக்கு அருகிலுள்ள கழுத்து நரம்புகளைக் காண வினாடிக்கு 1 கோடி அதிர்வுகளும் அதற்கு மேலும் உள்ள ஒலியையும், ஆழத்திலுள்ள உதரவிதானத்தைக் காணச் சுமார் 20 முதல் 50 லட்சம் அதிர்வுகள் உள்ள ஒலியையும் கையாளுகின்றனர்.

இரத்த ஓட்டத்தைக் காண்பதற்கு டாப்ளர் தத்துவம் துணைசெய்கிறது. ஊர் செல்லும் வழியில் ஏதேனும் ஒரு சிற்றூர் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, நில்லாமல் பாய்ந்தோடும் விரைவு வண்டியின் ஊதலை நம்மில் பலர் கவனித்திருப்போம். நெருங்கி வரும்போது அதன் சுருதி ஏறி ஒலிக்கும். கடந்து சென்றதும் இறங்கிவிடும். இரத்தத்தின் சிவப்பணுக்கள் மீது பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதியும் இவ்வாறே மாறுகிறது. அம்மாறுதலைக் கொண்டு இரத்தம் எத்திசையில், எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று அறியலாம்.

1978-லேயே டாப்ளர் கருவியால் இரத்தக் குழாயின் இடத்தை அறிந்து, அதன் அருகே நரம்புத் தடை செய்தனர். 1994-இல் வியன்னா வைத்தியர்கள், நரம்பையும் ஊசியையும் மருந்து பரவுவதையும் நேரே திரையிற் கண்டுகொண்டே ஊசியிடும் முறையை வெளியிட்டனர். கழுத்தில் கருவியை வைத்தால், கைக்குச் செல்லும் நரம்புகள் இரண்டு தசைகளுக்கு நடுவே, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய கருநிற வட்டங்களாய்க் காட்சியளிக்கின்றன. சாலை முனையிலுள்ள போக்குவரத்து விளக்கைப்போல் உள்ளது என்பர் வைத்தியர்.

ஒரு பக்கத்து மூச்சு

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் தசை உதரவிதானம். நாம் மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்குகிறது. மார்புக்கூடு விரிந்து காற்று உள்ளே பாய்கிறது. அமைதியான சுவாசத்தின் பெரும்பகுதி இத்தசையின் உழைப்பே. இதனை ஆளும் நரம்பு, பக்கத்துக்கு ஒன்றாக, கழுத்துத் தண்டின் 3, 4, 5-ஆம் நரம்பு வேர்களிலிருந்து புறப்படுகிறது. இயங்குவது வயிற்றுக்கு மேலே என்றாலும், அதன் கடிவாளம் இருப்பது கழுத்திலே!

தோளுக்கு உணர்வூட்டும் நரம்புகளோ 5, 6-ஆம் வேர்களிலிருந்து வருகின்றன. உதரவிதான நரம்பு அவற்றுக்கு மிக அருகே, முன்புறத் தசையின் மீது படர்ந்து இறங்குகிறது. ஆகவே தோளுக்கு இட்ட மருந்து அண்டை வீட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. இது எப்போதாவது நேர்வது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் சிலர் ஐயமுற்றனர்; ஆயினும் ரண சிகிச்சைக் கட்டிலில் கிடப்பவரை மீண்டும் மீண்டும் எக்ஸ்-ரே கதிருக்கு உட்படுத்துவது எளிதன்று.

1991-இல் நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் அர்மி என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும், கழுத்தில் நரம்புத் தடை பெற்றவர்களின் உதரவிதானத்தைக் கேளா ஒலியால் தொடர்ந்து நோக்கினர். சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறிதே. எனினும் முடிவு எவரும் எதிர்பாராதது. ஒருவர் விடாமல் அனைவருக்கும் அப்பக்கத்து உதரவிதானம் செயலிழந்திருந்தது. நூற்றுக்கு நூறு! அவர்கள் அடுத்துச் செய்த அளவைகளில், ஒரே மூச்சில் ஊதித் தள்ளக்கூடிய காற்றின் அளவு சுமார் 4-இல் 1 பங்கு குறைந்திருப்பதும் தெரியவந்தது. அத்தனை ஆண்டுகளாக, எத்தனையோ பேர் ஒரு பக்கத்து உதரவிதானம் இயங்காமலே ரண சிகிச்சை செய்துகொண்டு, அதனை அறியாமலே வீடு திரும்பியிருக்கின்றனர். மற்றொரு பக்கமும் விலாத் தசைகளும் சுமையை ஏற்றுக்கொண்டதே காரணம்.

இதனை வைத்தியர் எவ்வாறு காண்கின்றனர் என்று அறிவதும் சுவையானது. வலப்பக்கத்தில் விலாவுக்குக் கீழே கருவியை வைத்து, கல்லீரலையே ஒரு ஜன்னலாகக் கொண்டு நோக்கினால், உதரவிதானம் வளைந்த வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. அதன் ஏற்ற இறக்கம் திரையில் அலை அலையாகப் பதிவாகிறது. அமைதியான மூச்சில் அது சுமார் 1.5 முதல் 2 சென்டிமீட்டர் வரை இறங்கும்; ஆழ்ந்த மூச்சில் 5, 6 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இறங்கும். பிறகு, பூவை முகர்வதுபோல் மூக்கால் ஒருமுறை விரைந்து இழுக்கச் சொல்கின்றனர். நலமுள்ள உதரவிதானம் சட்டென்று கீழே இறங்கும். செயலிழந்ததோ அசையாது நிற்கும், அல்லது எதிர்த்திசையில் மேலே எழும்பும். இடப்பக்கத்தில் மண்ணீரலே ஜன்னல். அது சிறியது, வயிற்றிலுள்ள காற்றும் ஒலியை மறைக்கும். ஆகையால் அங்கே காண்பது சற்றுக் கடினம். அப்போது விலாவின் பக்கவாட்டில் உதரவிதானத்தின் தடிப்பை அளந்து, மூச்சிழுக்கும்போது அது எவ்வளவு பருக்கிறது என்று பார்க்கின்றனர்.

குறை தெரிந்தபின் பரிகாரம் தேடுவதுதானே அறிவு? ஊசி முனையைத் திரையில் காண முடிந்ததால், மருந்தின் அளவைக் குறைக்கலாம் என்ற துணிவு பிறந்தது. 2008-இல் கனடாவின் டொராண்டோ வைத்தியர்கள் ஒரு பிரிவினருக்கு 20 மில்லிலிட்டரும், மறு பிரிவினருக்கு 5 மில்லிலிட்டரும் மருந்து கொடுத்து ஒப்பிட்டனர். 20 மில்லிலிட்டர் பெற்ற அனைவருக்கும் உதரவிதானம் தளர்ந்தது. 5 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 100-க்கு 45 பேருக்கே தளர்ந்தது. வலி தணிந்ததில் இரு பிரிவினருக்கும் வேறுபாடில்லை. இன்னும் சிலர், கழுத்தைச் சற்று விலகி, நரம்புகள் ஒன்றுசேர்ந்து தண்டாகும் இடத்திலோ, தோள்பட்டைக்குச் செல்லும் கிளை நரம்புகளிலோ ஊசியிடுகின்றனர். இம்முறைகளில் மூச்சுக்கு நேரும் இடையூறு வெகுவாகக் குறைகிறது.

காறை எலும்புக்கு மேலே இடும் ஊசியில் வேறோர் அச்சமும் உண்டு. அங்கே நுரையீரலின் உச்சி மிக அருகில் இருப்பதால், ஊசி பட்டு அதன் உறையில் காற்று புகுந்துவிடக்கூடும். நுரையீரலின் உறை மூச்சுக்குத் தக்கபடி வழுக்கி அசைவதைக் கேளா ஒலி காட்டும். அவ்வசைவு காணப்பட்டால் அவ்விடத்தில் காற்றுப் புகவில்லை என்று தேறலாம்.

வெதுவெதுப்பான கை

இனி இரத்த ஓட்டத்தைக் காண்போம். முதுகில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போது, கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகளும் ஓய்ந்துவிடுகின்றன. குழாய்கள் அகலுகின்றன; இரத்தம் அங்கே தேங்குகிறது; இருதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் குறைகிறது; இரத்த அழுத்தம் இறங்குகிறது. மரப்பு மார்பின் மேற்பகுதி வரை ஏறினால், இருதயத்தை முடுக்கும் நரம்புகளும் தடைப்பட்டு நாடித் துடிப்பே மந்தப்படலாம். பிள்ளைப்பேற்றுக்கு வயிற்றைத் திறக்கும் சிகிச்சையில், கருப்பையின் பாரமும் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துவதால், தாயைச் சற்றே இடப்புறம் சாய்த்துப் படுக்கவைப்பது வழக்கம்.

அழுத்தம் இறங்கியது என்பதை மானி காட்டும். ஏன் இறங்கியது என்பதை அது சொல்லாது. இருதயத்தைக் கேளா ஒலியால் நோக்கினால், உள்ளே இரத்தம் போதாமல் அதன் அறைகள் ஒட்டிக்கொள்கின்றனவா, அல்லது இரத்தம் நிறைந்திருந்தும் சுருங்கும் வலிமை குன்றியிருக்கிறதா என்று தெரியும். முன்னதற்கு நீரேற்றுவதும் குழாயை இறுக்கும் மருந்தும் உதவும். பின்னதற்கு மேலும் நீரேற்றினால் தீங்கே விளையும். வயிற்றின் பெரிய சிரை மூச்சுக்குத் தக்கவாறு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து, எவருக்கு அழுத்தம் இறங்கும் என முன்னறியவும் முயன்று வருகின்றனர். இதில் ஆய்வுகளின் முடிவுகள் இன்னும் ஒருமுகமாக இல்லை.

இரத்தக் குழாய் அகலுவது எப்போதும் தீமைதானா? அன்று. கைக்குத் தடை செய்த சில நிமிடங்களிலேயே கை வெதுவெதுப்பாவதையும் சிரைகள் புடைத்து நிற்பதையும் காணலாம். டாப்ளர் கருவி இதன் மர்மத்தைக் காட்டுகிறது. ஓய்ந்திருக்கும் கையின் தமனியில் இரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னே பாய்ந்து, சற்றே பின்வாங்கி, மீண்டும் முன்னே செல்கிறது. தடை பிடித்ததும் பின்வாங்கல் மறைந்து, இருதயம் ஓய்வுகொள்ளும் இடைவேளையிலும் இரத்தம் முன்னோக்கியே ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வறிவு சிறுநீரக நோயாளிகளுக்கு நன்மையாக விளைந்தது. இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சைக்கு, முதலில் கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து ஒரு வழி அமைக்கின்றனர். அது அடைத்துக்கொண்டால் நோயாளியின் பாடு திண்டாட்டமே. கிளாஸ்கோ நகரில் 126 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. வெட்டும் இடத்தில் மட்டும் மரப்பு மருந்து பெற்றவர்களில் 3 மாதங்களுக்குப் பின் 100-க்கு 62 பேருக்கே அவ்வழி திறந்திருந்தது. கை முழுவதற்கும் நரம்புத் தடை பெற்றவர்களில் 100-க்கு 84 பேருக்குத் திறந்திருந்தது. இடையூறு என்று கருதப்பட்ட குழாய் விரிவு இங்கே வரமாக மாறிவிட்டது! நீரிழிவினால் சிறுநீரகம் கெட்டவர்கள் நம்மவர் குடும்பங்களிலும் உள்ளனர். அவர்கள் தம் வைத்தியரிடம் இதைப் பற்றி வினவுவது நலம்.

சுவரிலுள்ள பலகை

நம் நாட்டில் கேளா ஒலிக் கருவி உள்ள இடங்களிலெல்லாம், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்ற பலகை தொங்குவதைக் காண்கிறோம். பெண் சிசுக்களைக் காக்க 1994-இல் இயற்றப்பெற்றுப் பின்னர் திருத்தப்பெற்ற சட்டத்தின்படி, இக்கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். நினைத்தவாறு அவற்றை இடம்விட்டு இடம் கொண்டுசெல்ல முடியாது. கழுத்து நரம்பைப் பார்க்கும் மயக்க மருந்து வைத்தியரும் இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டவரே. சிறிய மருத்துவமனைகளில், ‘அடுத்த கட்டிடத்திலிருந்து கருவியைக் கொண்டுவரலாகாதா?’ என்று வைத்தியர்மீது சினம் கொள்வோர், சட்டத்தின் காரணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் இல்லத்தார் கவனத்திற்கு

தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம் இல்லங்களில், முதியோர் பலருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. ஊசி போடுமுன் வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கு மகனோ மருமகளோதான் விடை கூறுகின்றனர். அவர்களுக்குச் சில சொற்கள்.

நோயாளிக்கு இரைப்போ, நெடுநாள் புகைப் பழக்கத்தால் வந்த மூச்சிளைப்போ, முன்பு காசநோயால் கெட்ட நுரையீரலோ இருந்தால் அதனை மறவாமல் தெரிவியுங்கள். மற்றொரு பக்கத்து உதரவிதானம் முன்பே பழுதுபட்டிருந்தால் அது இன்னும் முக்கியம். ஏனெனில் எஞ்சியிருக்கும் ஒரே துணையையும் ஊசி உறங்கவைத்துவிடும். இருதய வால்வில் குறை, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, முன்னொருமுறை ஊசி மருந்தினால் நேர்ந்த ஒவ்வாமை ஆகியவற்றையும் சொல்லுங்கள். “மூச்சுக்கு இடையூறு குறைந்த முறையில் செய்ய இயலுமா?” என்று பணிவுடன் கேட்பதில் தவறேதுமில்லை. அக்கேள்வியை நல்ல வைத்தியர் வரவேற்பார்.

கழுத்தில் ஊசியிட்டபின் அப்பக்கத்துக் கண்ணிமை தொங்குவதும், கண்மணி சிறுத்துத் தோன்றுவதும், குரல் கம்முவதும் உண்டு. பக்கவாதம் வந்துவிட்டதோ என்று வீட்டார் அலறிவிடுகின்றனர். மருந்து அருகிலுள்ள நரம்புகளுக்கும் பரவியதன் அடையாளம் அது. பெரும்பாலும் மருந்தின் வலிமை குறையும்போது தானே மறைந்துவிடும். எனினும் உடனே வைத்தியரிடம் தெரிவித்து, அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்தபடி படுத்தால் மூச்சு எளிதாகும். மரத்த கைக்குச் சூடு தெரியாது. வெந்நீர்ப் பையும் கொதிக்கும் பாத்திரமும் அதனருகே வேண்டா.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. “மூச்சு முட்டுகிறது”, “நெஞ்சு அடைக்கிறது”, “தலை சுற்றுகிறது” என்று நம் முதியோர் தமிழில் முணுமுணுப்பது வேற்று மொழி பேசும் செவிலியருக்கு விளங்காது. இம்மூன்றுக்கும் அவ்வூர் மொழியில் உரிய சொற்களை ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே வைத்துவிடுங்கள். இயலுமாயின், முதல் இரவு தமிழறிந்த ஒருவர் உடனிருக்கட்டும். தனித்திருக்கும் குடும்பங்களுக்கு நம் சங்கத்து அன்பர்கள் முறைவைத்து இத்துணையைச் செய்வார்களாயின், அது சிறந்த தொண்டாகும். கேளா ஒலியைக் கேட்கக் கருவி வந்துவிட்டது. நம் பெரியோரின் மெல்லிய குரலைக் கேட்க நாமே அருகில் இருத்தல் வேண்டும்.